தம்பி பெயரில் ஆடியவர்

தமிழில் ஒருவர் அமரர் ஆக வேண்டுமென்றால் முதலில் போய்ச் சேர வேண்டும். ஸ்பானிஷ் பேசும் இந்தத் தீவில் அவ்வளவு சிரமம் வேண்டாம். பேஸ்பால் நன்றாக ஆடியிருந்தால் போதும். உயிரோடு இருக்கும்போதே கூப்பிட்டு, நாற்காலி போட்டு உட்கார வைத்து, நெஞ்சில் ரிப்பன் குத்தி, 'இன்மொர்த்தால்' என்று அறிவித்துவிடுவார்கள். சாகாதவர் என்று பொருள். அதன் பிறகு அவர் மழையில் வழுக்கி விழுந்தால்கூட, 'சாகாதவர் ஒருவர் விழுந்துவிட்டார்' என்றுதான் வானொலியில் செய்தி வரும்.

பாலோ அமார்கோ சர்க்கரை ஆலைக் குடியிருப்புக்கும் அந்தச் செய்தி வானொலி வழியாகத்தான் வந்தது. ஃபியோர்தலிசா அப்போது அடுப்பில் எண்ணெய் காயவைத்து, யானிக்கேக்கே அப்பங்களைத் தட்டிக்கொண்டிருந்தார். இந்த ஆண்டு கிழக்கு மாகாணப் புகழ் மண்டபத்தில் சேர்க்கப்படும் சாகாதவர்களின் பெயர்களை அறிவிப்பாளர் படித்தார். மூன்றாவதாக, "மாச்செத்தேரோஸ் அணியின் கேட்சர், எர்சிலியோ மார்த்தே" என்றார். ஃபியோர்தலிசா மாவுக் கையோடு தெருவுக்கு ஓடி, தன் கணவர் எலாதியோவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார். ஊருக்குத் தண்ணீர் விடும் தன் லாரிக்கு அடியில் படுத்து எதையோ முடுக்கிக்கொண்டிருந்தவர், பாதி உடம்பு வெளியே வந்த நிலையில் அகப்பட்டுக்கொண்டார்.

கேட்பவருக்குக் குழப்பமாக இருக்கும். எர்சிலியோவைக் கூப்பிட்டால் எலாதியோவின் மனைவி ஏன் அழ வேண்டும்? பாலோ அமார்கோவில் யாருக்கும் அந்தக் குழப்பம் கிடையாது. ஊருக்கே தெரிந்த ரகசியம் அது. வெளியூர்க்காரர்களுக்கு மட்டும்தான் தெரியாது.

எலாதியோவுக்கு இருபத்தொரு வயதாக இருந்தபோது, கடலுக்கு அப்பால் வடக்கே, நியூயார்க் பக்கத்திலிருந்து, பேஸ்பால் அணிகளுக்கு ஆள் எடுக்கிறவர்கள் வந்தார்கள். பையன்களை வரிசையாக நிற்க வைத்துப் பந்து எறியச் சொன்னார்கள். எலாதியோவின் எறியைப் பார்த்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். வயதைக் கேட்டதும் மூடிக்கொண்டார்கள். பதினெட்டைத் தாண்டியவன் அவர்கள் கணக்கில் கிழவன். அன்று மாலையே அம்மா பெட்டியைத் திறந்து, இளையவன் எர்சிலியோவின் பிறப்புப் பத்திரத்தை எடுத்து மூத்தவன் கையில் கொடுத்தாள். மறுநாள் பக்கத்து ஊர் மைதானத்தில் பதினெட்டு வயது எர்சிலியோ மார்த்தே என்று ஒருவன் வந்து பந்து எறிந்தான். அதே ஆட்கள்தான் பார்த்தார்கள், அதே எறிதான். அவர்களும் ஒன்றும் கேட்கவில்லை. எங்கள் பக்கத்துப் பையன்கள் பலரும் அந்தக் காலத்தில் அப்படித்தான் கடல் தாண்டினார்கள். பிழைக்கத் தெரிந்த வழி அது ஒன்றுதான்.

வடக்கே சில வருடங்கள் சின்ன ஊர்களின் அணிகளில் குளிரில் விறைத்தார். மேல்மட்டத்துக்குக் கதவு திறக்கவே இல்லை. திரும்பி வந்து, முழங்கால் ஒத்துழைத்த வரையில், குளிர்காலந்தோறும் மாச்செத்தேரோஸ் அணிக்கு, பேட் பிடிப்பவன் பின்னால் குந்தியிருந்து பந்தைப் பிடிக்கும் கேட்சராக உட்கார்ந்தார். உட்கார்ந்தார் என்பதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும். எதிரணிக்காரன் பந்து அடிபடக் காத்திராமல் முதல் பேஸிலிருந்து இரண்டாவதைத் திருட ஓடினால், அவனை மடக்க எந்தக் கேட்சரும் குதித்தெழுந்துதான் இரண்டாவது பேஸுக்குப் பந்தை எறிவார். எலாதியோ எழுந்திருக்க மாட்டார். குந்தியிருந்த இடத்திலிருந்தே கையை மட்டும் வீசுவார். ஓடியவன் அவுட் ஆகி, புழுதியைத் தட்டிக்கொண்டு திரும்புவான். அதனால் ஊரில் அவருக்கு 'சென்ட்டாவ்' என்று பெயர். உட்கார்ந்தவன் என்று பொருள்.

ஆக, உலகத்துக்கு அவர் எர்சிலியோ, ஊருக்கு சென்ட்டாவ். எலாதியோ என்று கூப்பிட மனைவி மட்டுமே மிஞ்சினார்.

முதல் நாள் வடக்கே ஒலிபெருக்கியில் "எர்சிலியோ மார்த்தே" என்று பேட் பிடிக்கக் கூப்பிட்டபோது அவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்தார். பயிற்சியாளர் முதுகில் ஒன்று போட்டபிறகுதான் எழுந்து ஓடினார். அதற்குப் பிறகு தவறவே இல்லை. அந்தப் பெயரைக் கேட்டால் தூக்கத்திலும் எழுந்து நிற்பார். ஆனால் ஆயிரக்கணக்கான ஜனம் கேட்க, ஓர் ஒலிபெருக்கி தன் பெயரைச் சொல்லி ஒரு நாளும் கேட்டதில்லை. அந்த ஏக்கத்தை அவர் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் சிரிப்பார்கள்.

வானொலிச் செய்தி வந்த அன்று மாலை, வந்தவர்களுக்கெல்லாம் காப்பி கொடுத்து அனுப்பிய பிறகு, அதை முதன்முதலாக மனைவியிடம் சொன்னார்.

"எர்சிலியோ மார்த்தேவைக் கூப்பிட்டிருக்காங்க, ஃபியோர். என்னைக் கூப்பிடல."

"நீதானே அது?"

"தகட்டுல வெட்டி மாட்டப்போற பேரு அது. நான் செத்தப்புறம் எவனாவது வந்து பார்த்தா, எலாதியோன்னு ஒருத்தன் இருந்தான்னே தெரியாது."

"இத்தனை வருஷமா நான் வாய் வலிக்க எலாதியோ எலாதியோன்னு கூப்பிடறேனே, அது போதாதா?"

"நீ கூப்பிடறது குப்பை கொட்ட."

ஃபியோர்தலிசா சிரித்துவிட்டார். பிறகு அவர் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். "இப்ப என்ன செய்யணுங்கற?"

"திங்கட்கிழமை அவங்க ஆபீசுக்குப் போய் உண்மையைச் சொல்லிடறேன். ஆடினது நான். பேரு எலாதியோ. வயசு மூணு கூட. எனக்கு விசாவும் வேண்டாம், வேலையும் வேண்டாம். இனிமே என்னை எவன் என்ன பண்ணுவான்?"

"பட்டியல்ல இருந்து பேரையே தூக்கிட்டா?"

"தூக்கினா தூக்கட்டும்," என்றார். ஆனால் குரல் அவ்வளவு திடமாக இல்லை. இவ்வளவு காலம் கழித்து வீடு தேடி வந்த லட்சுமியை வாசலோடு விரட்டுவது என்பார்களே, அந்தக் காரியத்தைத்தான் இந்த மனிதர் செய்யப்போகிறார் என்று ஃபியோர்தலிசாவுக்குத் தோன்றியது.

திங்கட்கிழமை வருவதற்குள் சனிக்கிழமை வந்துவிட்டது. அன்றைக்குப் புகழ் மண்டபத்தின் செயலாளர் பெகேரோ ஒரு புகைப்படக்காரரோடு தாமாகவே கிளம்பி வந்துவிட்டார். பொல்லாத மனிதர் இல்லை. சட்டம் பேசுகிறவர், வியர்வையைத் துடைத்துக்கொண்டே இருப்பவர், அவ்வளவுதான். கொல்மாதோ மளிகைக் கடை வாசலில் டொமினோ ஆடிக்கொண்டிருந்தவர்களிடம் காரிலிருந்தபடியே கேட்டார்: "எர்சிலியோ மார்த்தேவை எங்கே பார்க்கலாம்?"

டொமினோக்காரர்கள் நியாயமாகத்தான் பதில் சொன்னார்கள். ஊரில் எர்சிலியோ மார்த்தே என்றால் ஒருவர்தான். முடிதிருத்தும் கடை வைத்திருப்பவர். அதோ, நீலக் கதவு.

எர்சிலியோ ஒருவருக்குப் பாதி முகம் மழித்த நிலையில் இருந்தார். கோட்டுப் போட்ட ஆள் உள்ளே வந்து கையைக் குலுக்கி, "வாழ்த்துகள், சாகாதவரே" என்றதும், கத்தியை ஓரமாக வைத்துவிட்டு, 'நான் இல்லை, எங்க அண்ணன்' என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். அதற்குள் பெகேரோ பேசிவிட்டார்.

"அடையாள அட்டையை மட்டும் ஒரு தடவை காட்டிடுங்க. தப்பா நினைக்காதீங்க. போன வருஷம் ஒருத்தர் வேற பேர்ல ஆடினவர்னு கடைசி நேரத்துல தெரிஞ்சு, நாங்க பேரையே எடுக்க வேண்டியதாப் போச்சு. அசிங்கம். அதான் இந்தத் தடவை நேர்லயே வந்துட்டேன்."

எர்சிலியோ வாயை மூடிக்கொண்டார். அட்டையை எடுத்துக் காட்டினார். பெயர் சரி, வயது சரி, ஊர் சரி. பெகேரோவுக்கு மனம் நிறைந்துவிட்டது. புகைப்படக்காரர் ஒரு கேட்சர் கையுறையை நீட்டினார். எர்சிலியோ அதை வாங்கி மாட்டிக்கொண்டு, முடிவெட்டும் அங்கியோடு நிமிர்ந்து நின்றார். பாதி மழித்த முகத்துக்காரர் கண்ணாடியில் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தார்.

அந்த முகம் மீதியும் மழிக்கப்பட்டு வெளியே வந்த மறு நிமிடம் செய்தி ஊரெல்லாம் பரவியது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? எலாதியோ மேட்டுத் தெருவில் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். குழாயைச் சுருட்டாமலே லாரியை ஓட்டிவந்து நீலக் கதவின் முன் நிறுத்தினார். தெருவெல்லாம் தண்ணீர்.

"படம் எடுத்துக்கிட்டியாமே," என்றார்.

"அண்ணே, கதவைச் சாத்திட்டு உள்ள வா."

"எதுக்குச் சாத்தணும்? பேரைத்தான் எடுத்துக்கிட்டே, என் மூஞ்சியையுமா எடுத்துக்குவே?"

"என் பேரை நான் எடுத்துக்கிட்டேனா? நல்லா இருக்குதே கதை." எர்சிலியோ சீப்பைத் துடைத்தபடி சொன்னார். "நான் அவன் கிட்ட இல்லன்னு சொல்லியிருந்தா, அங்கேயே உன் பேரை அடிச்சிருப்பான். இல்ல, என் பேரை. ஏதோ ஒண்ணை. உனக்காகத்தான்டா நின்னேன்."

'டா' போட்டுவிட்டார் தம்பி. இருவருக்கும் அது உறைத்தது.

"எனக்காகவா? தலைநகர்ல போய் அட்டையைக் காட்டி, 'அந்த எர்சிலியோ நான்தான்'னு பீர் வாங்கிக் குடிக்கறியே, அதுவும் எனக்காகவா? ஆடினது நான். உதை வாங்கின முட்டி என்னுது. பீர் மட்டும் உனக்கு."

எர்சிலியோ சீப்பைக் கீழே வைத்தார்.

"நூரிஸ் ஞாபகம் இருக்கா?" என்றார்.

"எந்த நூரிஸ்?"

"ஆலையில கரும்பு எடை போடற இடத்துல வேலை பார்த்தாரே, அவர் பொண்ணு. நியூயார்க் போனா. நீயும் வான்னு கூப்பிட்டா. நான் பாஸ்போர்ட்டுக்குப் போனேன். எர்சிலியோ மார்த்தேவுக்கு ஏற்கெனவே பாஸ்போர்ட் கொடுத்தாச்சு, அவன் வடக்கே பந்து பிடிச்சுக்கிட்டிருக்கான், நீ யாருடான்னு கேட்டாங்க. நான் யாருன்னு சொல்றது? சொன்னா உன்னைத் திருப்பி அனுப்பிடுவாங்க. வந்துட்டேன். ரெண்டு வருஷம் காத்திருந்தா. அப்புறம் கல்யாணப் படம் அனுப்பினா. நல்லவ, மரியாதைக்கு அனுப்பியிருந்தா."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லி? நீ பந்தைப் போட்டுட்டு ஓடி வந்திருப்பே. நம்ம வீட்ல ஒருத்தனாவது ஆடட்டும்னு விட்டுட்டேன். பீர் குடிச்சேன், ஆமா. என் பேர்ல ஒரு நல்ல காரியம் நடந்திருக்கு, அதுக்கு ஒரு பீர் குடிக்கக் கூடாதா?"

எலாதியோ வெளியே வந்து குழாயைச் சுருட்டினார். சுருட்டி முடிக்க வெகு நேரம் ஆனது. தம்பி கல்யாணமே செய்துகொள்ளாமல் இருந்ததை, 'ஊர் சுற்றுகிற பயல், எவளுக்கும் அடங்க மாட்டான்' என்று எத்தனையோ தடவை கேலி செய்திருக்கிறார். அந்த நினைப்பு அவரைக் குத்தியது. வெட்கமாக இருந்தது. வீட்டுக்கு வந்தவர், மசித்த வாழைக்காயைத் தட்டில் வைத்தபடியே விட்டுவிட்டு மனைவியிடம் சொன்னார்:

"திங்கட்கிழமை போகல. விழாவுக்கு அவனே போகட்டும்."

"எவன்?"

"எர்சிலியோ மார்த்தே. பேரு அவனுது, படம் அவனுது. அவன்கிட்ட இருந்து நான் எடுத்தது போதும்."

ஃபியோர்தலிசா சண்டை போட்டுப் பார்த்தார். "உழுதவன் ஒருத்தன், அறுக்கறவன் ஒருத்தனா?" என்று கேட்டார். அழுதும் பார்த்தார். எர்சிலியோ வந்து, "உனக்கென்ன பைத்தியமா, அண்ணே? எனக்குப் பந்து எப்படி உருளும்னே தெரியாது," என்று கெஞ்சினார். எலாதியோ அசையவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்காத மனிதர் என்று ஊர் சும்மாவா பெயர் வைத்தது?

விழா அடுத்த வார ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், மாச்செத்தேரோஸ் அணியின் சொந்த மைதானத்தில், ஆட்டம் தொடங்குவதற்கு முன் நடந்தது. பாலோ அமார்கோவிலிருந்து இரண்டு பஸ் நிறைய ஆட்கள், தம்போரா மேளத்தோடு வந்து இறங்கினார்கள். எலாதியோ வெள்ளைச் சக்கபானாச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு, மற்றவர்களோடு முதல் பேஸ் பக்கத்துப் படியில் போய் உட்கார்ந்தார். பக்கத்தில் ஃபியோர்தலிசா. ஆட்ட நாட்களில் மைதான வாசலில் போடும் அப்பக் கடையை அன்று அவர் திறக்கவே இல்லை. அந்த மைதானத்துக்கு வந்து அவர் சும்மா உட்கார்ந்த முதல் நாள் அதுதான்.

மைதானத்தின் நடுவில் சாகாதவர்களுக்கு நாற்காலி போட்டிருந்தது. முன்பே சேர்க்கப்பட்டவர்கள் ஒரு வரிசை, இந்த ஆண்டுக்காரர்கள் ஒரு வரிசை. பின்னால் ஆளுயரப் படங்கள் தொங்கின. மூன்றாவது படத்தில் எர்சிலியோ முடிவெட்டும் அங்கியோடு விறைப்பாக நின்றார். கையுறை வலது கையில் இருந்தது. வலது கையால் எறிகிற கேட்சர் உறையை வலது கையில் மாட்டினால், எதை வைத்து எறிவான்? படம் எடுத்தவருக்கும் தோன்றவில்லை, எடுக்கச் சொன்ன பெகேரோவுக்கும் தோன்றவில்லை. படிகளில் இருந்த சின்னப் பிள்ளைகள்வரை அதைக் காட்டிக் காட்டிச் சிரித்தார்கள். எலாதியோ மட்டும் தலையைக் குனிந்துகொண்டார்.

"சிரிச்சுத் தொலை," என்றார் ஃபியோர்தலிசா. "உன் இடத்துல உட்கார்ந்திருக்கிற ஆளைப் பாரு. நாற்காலி முள்ளா இருக்கு அவனுக்கு."

உண்மைதான். எர்சிலியோ நெளிந்துகொண்டிருந்தார். அவருக்கு அடுத்த நாற்காலியில் ருதெசிந்தோ இருந்தார். அவரை எல்லோரும் வெனாவ் என்பார்கள், மான் என்று பொருள். வடக்கே உச்சிமட்ட அணிகளில் ஆடிப் பேரும் புகழும் பார்த்தவர். அவர் காலத்தில் பேஸ் திருடுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. இந்த ஆண்டுப் பட்டியலின் மாப்பிள்ளையே அவர்தான். வெனாவ் மூன்றாவது படத்தைப் பார்த்தார், பக்கத்திலிருந்தவரைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். குளிர்காலங்களில் எதிரணியில் ஆடிய அந்த வெனாவைக் குந்தியிருந்தபடியே எறிந்து எத்தனை முறை புழுதியில் புரள வைத்திருக்கிறார் என்று எலாதியோவுக்கே கணக்குத் தெரியாது.

முதல் பெயர் ஆயிற்று. வெனாவ் இரண்டாவது. பிறகு ஒலிபெருக்கி கரகரத்தது.

"மாச்செத்தேரோஸ் கேட்சர்... எர்சிலியோ... மார்த்தே."

எலாதியோ எழுந்து நின்றுவிட்டார். நினைத்து எழவில்லை. கால் தானாக எழுந்தது. ஃபியோர்தலிசா கையைப் பிடித்தார். அவர் மெதுவாகத் திரும்ப உட்கார்ந்தார். பாலோ அமார்கோக்காரர்கள் யாரும் கைதட்டவில்லை. மேளக்காரன் மேளத்தின்மேல் கையை வைத்துக்கொண்டு சும்மா இருந்தான்.

கீழே எர்சிலியோ போய்த் தகட்டை வாங்கினார். அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மைக்கைப் பிடித்தார்.

"நான்தான் எர்சிலியோ மார்த்தே. அதுல சந்தேகம் வேண்டாம், எங்கம்மா வச்ச பேரு. ஆனா நான் முடி வெட்டறவன். இந்தக் கை பிடிச்சதெல்லாம் கத்தியும் சீப்பும்தான். பந்து பிடிச்சது எங்கண்ணன்."

பெகேரோ பாய்ந்து வந்து மைக்கை வாங்கப் பார்த்தார். நாற்காலியில் நெளிகிற ஆட்களோடு ஆயுள் முழுக்கப் பழகியவர் எர்சிலியோ. பெகேரோவின் கைக்கு அகப்படாமல் லாவகமாக ஒதுங்கிக்கொண்டே பேசினார்.

"மூணு வயசைக் குறைக்கறதுக்காக என் பேரைக் கொடுத்தோம். அவன் எடுத்துக்கிட்டான், நான் கொடுத்தேன். தப்புன்னா பாதி என்னுது. அவன் பேரு எலாதியோ. அந்தா, வெள்ளைச் சட்டை. இதை நானே வச்சுக்கணும்னு விட்டுக் கொடுத்துட்டு உட்கார்ந்திருக்கான். எனக்கு வேண்டாம்ணே. எனக்கு வேண்டியது, என் பேர்ல நீ ஆடினது. அது எனக்குக் கிடைச்சுப்போச்சு. இறங்கி வா."

பெகேரோவுக்கு ஒருவழியாக மைக் கிடைத்தது. "விதிப்படி..." என்று ஆரம்பித்தார். "வேற பேர்ல ஆடினவங்களை..."

வெனாவ் எழுந்து அவர் கையிலிருந்து மைக்கை வாங்கினார். வாங்கினார் என்று மரியாதைக்குச் சொல்கிறோம்.

"லிசென்சியாதோ, சட்டம் படிச்ச ஐயா, இந்தப் படத்தைப் பார்த்தப்பவே நினைச்சேன். இந்த ஆளுக்குச் சளி பிடிச்சிருக்கும், இந்தக் கை எதையும் பிடிச்சிருக்காது. முதல் பேஸ்ல நின்னுக்கிட்டு வருஷக்கணக்கா அந்தக் கேட்சர் கண்ணைத்தான் நான் பார்த்தேன். முகமூடிக்குள்ள இருந்து, 'ஓடிப் பாரு மகனே'ன்னு சொல்ற கண்ணு. என் பொண்டாட்டி கண்ணு மறந்தாலும் அது மறக்காது. வடக்கே எத்தனையோ பேரை ஏமாத்தினேன். இவன் எந்திரிக்கக்கூட மாட்டான், என்னைக் கொண்டுபோய்ப் புதைச்சிடுவான். இப்ப விதிக்கு வருவோம்."

அவர் திரும்பி, முன்பே சேர்க்கப்பட்ட சாகாதவர்களின் வரிசையைப் பார்த்தார்.

"சொந்தப் பேர்ல, சொந்த வயசுல ஆடினவங்க மட்டும் கையைத் தூக்குங்க."

அந்த வரிசையில் ஒருவர் ஷூ நாடாவைக் குனிந்து பார்த்தார். ஒருவர் மழை வருமா என்று வானத்தைப் பார்த்தார். ஒருவருக்குத் திடீரென்று இருமல் வந்தது. ஒரு கையும் எழவில்லை. வெனாவும் தூக்கவில்லை, காதைச் சொறிந்துகொண்டார். அரங்கம் முதலில் புரியாமல் இருந்தது, பிறகு புரிந்துகொண்டு இடிஇடியென்று சிரித்தது. பெகேரோ நெற்றியைத் துடைத்தார். விதியைப் பிடித்துக்கொண்டு போனால் மண்டபத்தையே இழுத்துப் பூட்ட வேண்டிவரும் என்று அவருக்கு விளங்கிவிட்டது. விளங்கியதும் அவரும் சிரித்துவிட்டார். நல்ல மனிதர்தான்.

"எங்கடா அந்த உட்கார்ந்த பய?" என்றார் வெனாவ் மைக்கில். "சென்ட்டாவ், இன்னிக்கு ஒரு நாளாவது எந்திரிடா."

மேளக்காரன் அதற்குத்தான் காத்திருந்தான். பாலோ அமார்கோ மொத்தமும் எழுந்தது. எலாதியோவை அவர்கள் நடக்கவிடவில்லை. முதுகில் தட்டியும், தோளைப் பிடித்துத் தள்ளியும், படி படியாகக் கீழே கொண்டுவந்து சேர்த்தார்கள். ஃபியோர்தலிசா பின்னாலேயே வந்தார், வழியில் நின்றவர்களை முழங்கையால் இடித்துக்கொண்டே. கம்பிவேலியில் கதவைத் திறந்தார்கள். புல்லில் கால் வைத்ததும் எலாதியோவுக்கு அழுகை வந்தது. அவர் அதை மறைக்கவில்லை. தம்பி ஓடிவந்து கட்டிக்கொண்டார். இரண்டு கிழவர்களும் எத்தனை நேரம் அப்படி நின்றார்களோ, மேளம் நிற்கவே இல்லை.

கடைசியில் பெகேரோ அருகே வந்தார். "தகட்டை மாத்திடலாம், தோன் எலாதியோ, ஐயா. உங்க பேரைப் போட்டுப் புதுசா வெட்டச் சொல்றேன்."

எலாதியோ தகட்டை வாங்கிப் பார்த்தார். எழுத்துகளைக் கட்டைவிரலால் தடவினார். எர்சிலியோ மார்த்தே. அந்தப் பெயரைச் சுமந்துகொண்டுதான் அவர் வெயிலிலும் குளிரிலும் குந்தியிருந்தார். அந்தப் பெயரைக் கொடுத்துவிட்டுத்தான் இவன் ஒருத்தியை இழந்தான். தகட்டைத் தம்பியின் கக்கத்திலேயே திருப்பிச் செருகினார்.

"வேண்டாம். அப்படியே மாட்டுங்க. அது அவன் சம்பாதிச்சது. ஒண்ணும் மாத்தக் கூடாது."

"அப்போ உங்களுக்கு?"

எலாதியோ மேலே, ஒலிபெருக்கிக் கம்பத்தைக் காட்டினார். கேட்பதற்கு அவருக்குக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் கேட்டார்.

"அதுல என் பேரை ஒரே ஒரு தடவை சொல்லச் சொல்லுங்க. பேட் பிடிக்க வரும்போது சொல்வாங்களே, அந்த மாதிரி."

பெகேரோ அறிவிப்பாளரின் கூண்டைப் பார்த்துக் கையைக் காட்டி, பெயரை உரக்கச் சொன்னார். மேளம் நின்றது. படிகளில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் அடக்கினார்கள். எர்சிலியோ அண்ணனின் சட்டைக் காலரை இழுத்துச் சரிசெய்துவிட்டு ஒதுங்கி நின்றார்.

"மாச்செத்தேரோஸ் கேட்சர்," என்றது ஒலிபெருக்கி. அறிவிப்பாளர் தொழில் தெரிந்தவர், அங்கே ஒரு மூச்சு நிறுத்தினார். "எலாதியோ... மார்த்தே."

கைதட்டல் மைதானத்தைச் சுற்றி வந்தது. எலாதியோ அசையாமல் நின்றார். பிறகு காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு தலையை ஆட்டினார்.

"சரியாக் கேக்கல," என்றார்.

மறுபடியும் சொன்னார்கள், இன்னும் உரக்க.

"காத்து அடிக்குது. ஒண்ணும் விளங்கல."

"திருட்டுக் கிழவன்," என்றார் ஃபியோர்தலிசா, அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும். "ஊசி விழுந்தா கேட்கும் இவனுக்கு."

மூன்றாவது முறை அறிவிப்பாளர் "கேட்சர்" என்று மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டார். மீதியை அரங்கம் சொன்னது. பாலோ அமார்கோ சொன்னது, வெனாவ் சொன்னார், சாகாதவர்கள் நாற்காலியிலிருந்து எழுந்து நின்று சொன்னார்கள், எர்சிலியோ தொண்டை கிழியச் சொன்னார்.

"இப்பக் கேட்டுச்சு," என்றார் எலாதியோ மார்த்தே.